மானிட்டர் இங்கே

விசிறி சுற்றியது. முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கூடத்தின் நடுவில் வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த நான், அதன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தேன். பக்கத்தில் கைபேசி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர், "பல் டாக்டர்கிட்ட பில் போடறவ பல்லு புடுங்கப் போனா இப்படித்தான்" என்றார். அவரை முறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

நாற்பத்தேழு வயதில் உனக்கு எதற்குக் கேம் என்று கேட்காதவர்கள் இல்லை. எல்லாம் என் தம்பிக்காகத்தான். லிப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் வேலை செய்யும்போது லிப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேறு ஊரில் தன் வீட்டுக் கட்டிலோடு கிடக்கிறான். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆனால் பிழைத்து வந்தவன் வேறு ஆளாக இருந்தான். சின்ன வயதிலிருந்து என்னை மண்டு என்று கூப்பிட்டுப் பழகிய வாய்த்துடுக்குக்காரன். விழுந்த பிறகு அவனுக்கு மரியாதை வந்துவிட்டது. "சரிக்கா", "பரவால்லக்கா", "உனக்கு ஏன்க்கா சிரமம்." அந்த மரியாதையைக் கேட்டால் எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

பழைய தம்பி எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடத்தில்தான். சேற்றிலும் மலையிலும் லாரி ஓட்டிச் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு கேம். அவன் அவன் வீட்டிலிருந்து, நான் என் வீட்டிலிருந்து, காதில் ஹெட்போனோடு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்காருவோம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவான். நானும் காதாரக் கேட்டுக்கொள்வேன். போன மாதம் அந்தக் கேமுக்குப் பெரிய அப்டேட் வந்தது. என் கம்ப்யூட்டர், நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் பில் போட்டு ஓய்ந்து, குப்பைக்குப் போக இருந்ததை நான் கேட்டு வாங்கி வந்த பெட்டி. பத்து வயது. புதுக் கேமைத் திறந்தால் கையை விரித்தது. மூன்று வாரம் விளையாட்டு இல்லை. தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. சோறு போட்டா தேங்க்ஸ்னு சொல்றாரு" என்று சொல்லி அழுதாள்.

புதிது வாங்க வசதியில்லை. பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். "பெட்டி கல்லு மாதிரி இருக்கும்மா. பவர் சப்ளைதான் நோஞ்சான். பெரிய கார்டு போட்டா மூச்சு வாங்கும். தனியா கரண்ட் வயர் கேக்காத சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இருக்கு, கூட ஒரு ரேம் போடுங்க, போதும்" என்றார். புதுக் கண்ணாடி போடுவதற்கு வைத்திருந்த பணம் அதற்குச் சரியாகப் போனது. மாட்டித் தரத் தனிக் கூலி என்றதும், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கொழுப்பு என் குடும்பத்துக்கே உண்டு.

இப்போது மாட்டியாகிவிட்டது, திரைதான் வரவில்லை. தம்பிக்குத் தெரியாமல் செய்து அசத்த வேண்டும் என்ற ஆசையில் மண் விழுந்தது. வேறு வழியில்லாமல் அவனுக்கே போன் போட்டுச் சொன்னேன்.

"உனக்கு ஏன்க்கா இந்தச் செலவெல்லாம்" என்றான். அதே மரியாதை. பிறகு அவனே, "ஆன் பண்ணதும் பீப்னு சத்தம் வந்துச்சா?" என்று கேட்டான்.

"ஒரு தடவ வந்துச்சு."

"அப்ப உயிரு இருக்கு. ஸ்கிரீன் வயரை எங்க சொருகியிருக்க?"

"பின்னாடி மேல. 'மானிட்டர் இங்கே'ன்னு ஒட்டியிருக்குல்ல, அங்கதான்."

"ஒட்டியிருக்கா? யாரு ஒட்டினா?"

"நான்தான்."

கிளினிக்கில் கூட்டுகிறவர் தினமும் வயர்களைப் பிடுங்கிவிட்டு இடம் மாற்றிச் சொருகுவார். பொறுக்க முடியாமல் ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயர் எழுதி ஒட்டியவள் நான். பத்து வருடமாக அந்தத் துண்டுச் சீட்டு சொன்ன இடத்தில்தான் வயர் போகிறது. இன்றைக்கும் அப்படியே போயிற்று.

மறுமுனையில் அவன் குரல் சட்டென்று ஏறியது.

"புதுசா கார்டு மாட்டிட்டு, வயரைப் பழைய ஓட்டையில சொருகி வச்சிருக்க. அந்தக் கார்டு உள்ள என்ன விருந்துக்கா வந்திருக்கு? இனிமே படம் கார்டு வழியாதான் வரும். அதுலயே அதே மாதிரி ஓட்டை கீழ இருக்கும் பாரு. அதுல சொருகு, மண்டு. நீ எழுதி ஒட்டிட்டா அது வேதமா?"

என் முகத்தைப் பார்த்து என் கணவர் பயந்துவிட்டார். "என்னாச்சு?"

"திட்றான்."

"திட்றானா?"

"மண்டுங்கறான்."

அவர் டார்ச்சை அணைக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயரைப் பிடுங்கிக் கீழே சொருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று இருந்தது, ஆனால் அது திரைக்காக இல்லை. போனில் அவன் இன்னும் திட்டி முடிக்கவில்லை.

கேம் இறங்கி முடிய ஐந்து மணி ஆயிற்று. ஆறு மணிக்கு நானும் அவனும் ஹெட்போனோடு உட்கார்ந்தோம். புது மலைப்பாதை, புது மழை. எல்லாமே முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் என் லாரி சேற்றில் இறங்கி ஒருக்களித்துப் படுத்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு? எவ்ளோ பெரிய பள்ளம் அது." அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி மூக்கை உறிஞ்சுவது ஹெட்போனில் கேட்டது.

"ரிவர்ஸ் எடுக்கட்டுமா?"

"எதையும் தொடாத. அப்படியே நில்லு. நான் வரேன்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மலைத் திருப்பத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. குழிகளில் இறங்கி, ஏறி, ஆடி ஆடி என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.