கடைசி ஒன்பது கிலோமீட்டர்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இன்று மதியம் இரண்டு பத்துக்கு என் அக்கா தன் கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி அது: "வர்றேன்." அவ்வளவுதான். அதன் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது. இப்போது மணி நாலரை. அத்தான் என் வீட்டுச் சமையலறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். எனக்கு இது.

2

தொடக்கம், முதல் வரைவு:

"நாற்பத்தோரு நாள், மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பதினாறு பஞ்சர். கிழக்குக் கடலில் நனைத்த சக்கரத்தை மேற்குக் கடலில் நனைக்க ஒன்பது கிலோமீட்டரே மீதமிருந்தபோது, ஐம்பத்திரண்டு வயது எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருத்தி வெற்றிப் புன்னகையுடன்

[இங்கே நிறுத்திவிட்டேன். புன்னகை என்று எனக்கு யார் சொன்னது? "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று தினம் அறுபது பேரை அதட்டுகிறவள். சிரிக்கச் சொன்னாலே முறைப்பாள். ஒன்றரை மணிக்கு அவள் எனக்கு அனுப்பிய படத்தில் ஒன்பது என்று எழுதிய மைல்கல் மட்டும்தான் இருந்தது, அவள் இல்லை.]

3

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறையில் காதைக் கொடுத்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். அவரை வில்லனாக்க மூன்று முறை எழுதிப் பார்த்தேன், கைகூடவில்லை. குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்: அக்கா தொடங்கும் வாக்கியத்தை அவர் முடித்துவிடுவார். "எனக்கு இன்னைக்கு..." என்று அவள் ஆரம்பித்தால், தலைவலியா, மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்பார். டாக்டர் அவளைக் கேட்டால் அவர் பதில் சொல்வார். எல்லாம் பாசம்தான். இருபத்தாறு வருடப் பாசம்.

சைக்கிளில் நாட்டைக் குறுக்கே கடக்கப்போவதாக அவள் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன்.

"நான் இதை..." என்றாள்.

"முடிக்க மாட்டே," என்றார் அத்தான்.

பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. மனதில் எதையும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். அக்கா காற்றடிக்கும் பம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "முடிச்சிட்டுச் சொல்றேன். இந்த வீட்டுக்குத் திரும்பி வர்றதா, வேண்டாமான்னு."

நாற்பத்தோரு நாளும் அவருக்கு ஒரு போன் இல்லை. இன்று மதியம் வந்த அந்த ஒற்றைச் சொல்தான் முதல் தகவல்.

4

அத்தான் போனை என் முன்னால் நீட்டினார். "மச்சான், நீ எழுதுறவன். இதுக்கு என்ன அர்த்தம்?"

எழுத ஆரம்பித்து இருபது வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு நம்பிக் கேட்டதில்லை. நம் மொழியில் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பவரும் "வர்றேன்" என்பார், வாசலில் விடைபெறுகிறவரும் "வர்றேன்" என்பார்.* அக்கா எங்கே நின்று சொன்னாள்?

(* "போறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஒரேயடியாகப் போகிறவர்கூட "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்.)

"எனக்குச் சத்தம் கேட்டாத்தான் பழுது தெரியும்," என்றார் அத்தான். "இதுல சத்தமே இல்லையே."

அவர் கேட்காத இன்னொரு கேள்வியும் இருந்தது. ஒன்பது கிலோமீட்டருக்கு அவள் வேகத்தில் நாற்பது நிமிடம் போதும். துறைமுகத்துக்குப் போகும் சாலை அது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக

[இந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை.]

5

முடிவு, ஒன்று: அக்கா வீட்டுக்கு வருகிறாள். அத்தான் கதவைத் திறக்கிறார். "பசிக்குதா" என்று கேட்டு, அவள் வாய் திறக்கும் முன் "பசிக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்கிறார். எல்லாம் பழையபடி. [அடித்துவிட்டேன்.]

முடிவு, இரண்டு: அவள் வருவதில்லை. சைக்கிளைத் திருப்பி வேறு ஊருக்கு. படிப்பவர்கள் கைதட்டுவார்கள். சமையலறையில் செருப்போடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் இதை யார் போய்ச் சொல்வது? [இதையும்.]

சரி, முதல் பத்தியில் பொய் சொன்னேன். இந்தக் கதை குறுஞ்செய்தியிலிருந்து வரவில்லை. ஒன்று ஐம்பதுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் அப்போது அவள் கடலைத் தொடும் காட்சியை எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியம் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அழைப்பைத் துண்டித்தேன். அவள் போய்ச் சேருவதற்கு முன்பே நான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அத்தானைப் பற்றி மேலே எழுதியதைப் படிக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

6

அத்தானின் போன் அடிக்கிறது. தெரியாத எண். நோட்டோடு சமையலறைக்கு ஓடினேன். அவர் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

ஒரே காற்றுச் சத்தம். பிறகு அக்கா.

"நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல. செயின் அறுந்துபோச்சு, கடைசி அஞ்சு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தேன். இது படகுக்காரர் ஒருத்தரோட போன்." மூச்சு வாங்கினாள். "முடிச்சிட்டேன்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்றேன்னு சொன்னேன்ல," என்றாள். "நான் வந்து..."

நின்றுவிட்டாள். அந்த "வந்து" என்பது பேச்சுக்கு நடுவே எல்லோரும் தடுமாறிப் போடும் "வந்து"வா, இல்லை வீட்டுக்கு வருகிற "வந்து"வா, எனக்குத் தெரியாது. அத்தான் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடப் பழக்கம், அந்த வாக்கியத்துக்கு ஒரு முடிவு அவர் நாக்கு நுனியில் நின்றதைப் பார்த்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்து, மோட்டாரில் காது வைப்பதைப் போலப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

நானும் பேனாவை வைக்கிறேன். நீங்கள் இதற்குள் ஒரு முடிவு யோசித்திருப்பீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.