ஜெபச் சத்தம்

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. ரோட்டின் முழு அகலத்துக்கும் கதிர் பரப்பியிருந்தார்கள். பஸ்சும் லாரியும் ஏறி ஏறி நெல் உதிரட்டும் என்று கார் நெல் அறுப்புக் காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் செய்வதுதான். மேலேயே ஏற்றிப் போய்விடலாம் என்றார் டிரைவர். பின்னால் மனைவி தங்கபுஷ்பத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தேவதாசன், "வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

வேன் குலுங்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் அவளை ஒரு சின்ன அசைவுகூடப் படாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். இனிக் குலுங்கினால் ஒன்றுமில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குள் கதிர் பரப்பியிருந்த பெண்கள் யாருடைய வண்டி என்று தெரிந்துகொண்டு, முக்காட்டை இழுத்து விட்டபடி கதிரை அள்ளி ஓரத்தில் ஒதுக்க ஆரம்பித்திருந்தார்கள். எதிரே, அம்மாவின் தலைமாட்டில் இருந்த எஸ்தர் வெளியே எதையும் பார்க்கவில்லை. சீவலப்பேரியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் தேவதாசனுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. அதைவிட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவருடைய ஜெபம். சபையில் அவர் எழுந்து நின்று ஜெபம் பண்ணினால் கால்வாய்க் கரையில் துணி துவைக்கிறவர்களுக்குக் கேட்கும். பிரசவ வலி கண்ட வீட்டுக்கும், கன்று போடாத மாட்டுக்கும், துபாய்க்குப் பயணம் புறப்படுகிறவனுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சபையை நடத்திய உபதேசியார் அருமைநாயகம்கூட, தேவதாசன் இருக்கிற இடத்தில் தன் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார்.

போன ஐப்பசியில் வந்த வெள்ளம், நட்டு இருபது நாளான பயிரின் மேல் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. மணலை அள்ளவே தை வரை ஆயிற்று. ஒரு வருஷமாக அந்த வீட்டில் ரேஷன் அரிசிதான் உலையில் கிடந்தது. அதற்குப் பிறகு இந்தக் கார் நெல்தான் முதல் விளைச்சல். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் வரப்பைச் சரிபண்ணும்போது, வெள்ளம் கொண்டுவந்து புதைத்திருந்த ஒரு தகரத்துண்டு தங்கபுஷ்பத்தின் குதிகாலில் ஏறியது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பினாள். புண் ஆறிவிட்டது. எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் தாடை பிடித்திருக்கிறது என்றாள். கடைவாய்ப் பல் என்று நினைத்துக் கிராம்பு வைத்துக் கடித்தாள். மறுநாள் வாய்க்குள் ஒரு விரல்தான் போயிற்று. அன்றைக்குத்தான் அறுப்பு. பதினெட்டு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அன்று விட்டால் அந்த ஆட்கள் திரும்ப இவர்கள் வயலுக்கு வர பன்னிரண்டு நாள் ஆகும். ரேடியோவிலோ மழை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தான் ஒரு வாய் குடிக்க முடியாத கஞ்சியைப் பதினெட்டுப் பேருக்கும் காய்ச்சித் தலையில் சுமந்துகொண்டு அவள் வயலுக்கு வந்தாள். ஆட்கள் குடித்துக்கொண்டிருந்தபோது அவரை வரப்போரம் கூப்பிட்டாள். பல்லைப் பிரிக்காமலே பேசினாள்.

"பஸ்சு வார நேரந்தான். நா மட்டும் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்துருதேன்."

"இன்னைக்கும் நாளைக்கும் பொறுத்துக்கோ பிள்ள. நீ போயிட்டா இத்தன பேருக்கு யாரு பொங்குவா? சாயங்காலம் உக்காந்து ஜெபம் பண்ணுவோம். கர்த்தரு பாத்துக்கிடுவாரு."

அவள் சரி என்று காலிப்பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஜெபம் பண்ணினார். புதன்கிழமையும் பண்ணினார். அறுப்பு முடிந்தது. வியாழக்கிழமை விடியும்போது அவளுக்கு இடுப்பு பாயை விட்டு எழும்பி வில்லாக வளைந்திருந்தது. தேவதாசனின் தம்பி கிருபைராஜ் கார் பிடிக்க ஓடினான். கார் வருகிற வரை தேவதாசன் அவளுடைய தலையில் கை வைத்து, வீடு அதிர ஜெபம் பண்ணினார். அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவள் உடம்பு வெட்டி வெட்டி எழுந்தது. கர்த்தர் அவளுக்குள் அந்த நோயோடு மல்லுக்கட்டுகிறார் என்று அவர் முழுமனதாக நம்பினார். அதனால் இன்னும் உரக்கப் பண்ணினார். வேலியோரம் கூடி நின்ற சனங்கள் ஆமென் சொன்னார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு தனி அறையில் அவளைப் போட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத்துணி. கதவில் செருப்புச் சத்தம் கூடாது என்று எழுதியிருந்தது. தாடை பிடித்து எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டார். தேவதாசன் இப்போதுதான் என்று ஆரம்பித்து, மகள் பார்ப்பதைக் கண்டு, மூன்று நாள் என்றார். டாக்டர் எழுதிக்கொண்டாரே தவிர மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவர் கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு வாயைத் திறந்ததும் நர்சம்மா ஓடிவந்தாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"ஐயா, சத்தமா ஜெபம் பண்ணாதீங்க. இந்த ரணஜன்னிக்கு ஒரு சத்தம் கேட்டாலே இழுப்பு வரும். சத்தந்தான் இவங்களக் கொல்லுதது."

தேவதாசன் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு ஆறு நாளும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார். உள்ளே போனால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிடுவார். மனதுக்குள் ஜெபிக்கலாம் என்று நர்சம்மா சொல்லித்தான் இருந்தாள். அவருக்கு மனதுக்குள் எதுவும் வரவில்லை. புதன்கிழமை விடிகாலையில் எஸ்தர் கதவைத் திறந்து செருப்புச் சத்தம் கேட்க வெளியே வந்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

உடலை வீட்டில் வைத்திருந்த நேரமெல்லாம் வந்தவர்கள் கேட்டார்கள். உடனே கொண்டுபோயிருக்கலாமே என்றார்கள். கிருபைராஜ் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னான். மைனிதான் வரமாட்டேன் என்றுவிட்டாள், அறுப்பு முடியட்டும் என்று ஒரே பிடிவாதம், என்றான். அண்ணனுக்காகத்தான் சொன்னான். கேட்டவர்கள் தங்கபுஷ்பம் அப்படிப்பட்டவள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். தேவதாசன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த எஸ்தர் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

நாலு மணிக்குப் பெட்டியை வேதக்கோயிலுக்குத் தூக்கிப்போய், பீடத்துக்கு முன்னால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து அதன்மேல் வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் உபதேசியார் வழக்கப்படி, "அண்ணாச்சி, நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றார். தேவதாசன் எழுந்து நின்றார். சபை கண்ணை மூடிக்கொண்டது. வெளியே யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஆகிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்த உபதேசியார், தானே "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடிவதற்குள் தூற்றல் விழுந்தது. கிருபைராஜ் மேற்கே பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கோயிலுக்குப் பக்கத்துக் களத்தில் அவர்களுடைய நெல் முழுக்கக் குவிந்து கிடந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவன் ஒற்றை ஆளாக நின்று அடித்து வைத்தது. தூற்றக்கூட இல்லை. மூடப் படுதாவும் இல்லை. ஊரே அறுப்பில் இருந்ததால் படுதா எல்லாம் ஏற்கெனவே ஒவ்வொரு களத்தில் கிடந்தது. பெட்டி இறக்கிய குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு நெல்லைப் பற்றி யார் முதலில் வாயைத் திறப்பது என்று எல்லாரும் நின்றார்கள்.

எஸ்தர்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஓடினாள். பின்னால் பெண்கள் ஓடினார்கள். அப்புறம் ஆண்கள். தேவதாசன் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்துவிட்டது. வீட்டுக்குச் சுமக்க நேரமில்லை. உபதேசியார் கோயிலின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, பெஞ்சுகளைச் சுவரோடு தள்ளிக்கொண்டிருந்தார். துஷ்டிக்கு வந்தவர்கள் கடகத்திலும் சாக்கிலும் வேட்டியிலும் நெல்லை அள்ளிக்கொண்டு போய், பெட்டி இருந்த இடத்திலேயே கொட்டினார்கள். கீழத்தெருவில் இருந்து இசக்கியம்மா வந்திருந்தாள். அறுப்புக்கு ஆட்களைக் கூட்டிவந்த கொத்துக்காரி. கோயிலுக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. நாலு முறை சுமந்த பிறகுதான் அதை நினைத்து வாசலில் தயங்கினாள். உபதேசியார் கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னார். முக்கால் பங்கு உள்ளே வந்தது. மிச்சம் மழையோடு போயிற்று.

காலையில் வானம் வெளுத்திருந்தது. தேவதாசன் கோயிலுக்குப் போனபோது உள்ளே வெக்கையும் புளித்த வாடையும் அடித்தது. நனைந்த நெல் குவியலாகக் கிடந்து சூடேறிவிட்டது. எஸ்தர் ஏற்கெனவே வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. சித்தப்பா ஆட்களைக் கூப்பிடப் போயிருப்பதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். எட்டு நாளில் அவள் அவரிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

அவர் கதவுப்பக்கம் நின்றுகொண்டார். அவள் கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டாள். பிறகு திரும்பினாள்.

"சித்தப்பா சொல்லுதது நெசமாப்பா?"

அந்தப் பக்கம் களத்தில் கோழிகள் ஈர நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். ஊர் ஏற்கெனவே நம்பிவிட்டது. இவளும் நம்பத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றார். "ஊசி போட்டுட்டு வாரேன்னு செவ்வாக்கிழமையே கேட்டா. பஸ்சும் இருந்துச்சு. நாந்தான் பொறுத்துக்கோன்னேன்."

மிச்சத்தையும் சொன்னார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"வியாழக்கிழம கார் வாரதுவர... சத்தம் போட்டு ஜெபம் பண்ணினேன் பாத்தியா. நா பண்ணப் பண்ணத்தான் அவளுக்கு இழுத்துருக்கு. எனக்குத் தெரியல."

எஸ்தர் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பக்கத்தில் போகவில்லை. போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெல்லைத் தொட்டது. அவள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவரால் சொல்ல முடியாது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் யாரோ கொண்டுவந்து சாத்தியிருந்த நெல் தள்ளும் பலகையை எடுத்து, குவியலின் ஓரத்தில் போட்டாள். நெல்லை வெளியே வெயிலுக்குத் தள்ள, அதன் பிடியை ஒருவர் அமுக்கிக்கொள்ள, இன்னொருவர் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும். அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். இன்னும் இழுக்கவில்லை.

தேவதாசன் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். கால் சுட்டது. குனிந்து பிடியை இரண்டு கையாலும் அமுக்கினார். கயிறு விறைத்தது.