எழுபது கிலோ மணல்

மெக்கானிக் எபினேசர் பந்தலுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிப் போனதைப் பிரவீனா பார்த்துவிட்டாள்.

அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிகிற ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் அன்னூரைத் தாண்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். எழவு வீட்டுக்கு வருகிற மனுசன் முதலில் முகத்தைப் பார்ப்பான். ஒரு கும்பிடாவது போடுவான். இந்த ஆள் ஸ்பானர் பையும் சாவிக்கொத்துமாக நேரே ஷெட்டுக்குப் போகிறான் என்றால் என்ன அர்த்தம்?

ஷெட்டில் இருந்தது ஹெலிகாப்டர். பம்ப்செட் வார்ப்படப் பட்டறை வைத்திருந்த அப்பா பாலுசாமி, நாற்பது வயதான அந்த வண்டியை மூன்றாவது கையாக வாங்கிப் பதினாலு வருசம் ஆகிறது. வாங்கிய விலை என்னவோ மலிவுதான். அதற்கப்புறம் தின்ற தீனிதான் ஊரறிந்த கதை. பெங்களூரிலிருந்து வருகிற பைலட்டுக்குப் பறக்கிற நாளைக்கும் சம்பளம், பறக்காத நாளைக்கும் சம்பளம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பேரிங், இரண்டரை லட்சம். வருசமே பதினோரு மணி நேரம் பறந்த வண்டிக்கு மேல் றெக்கை இரண்டும் புதுசு, முப்பத்தெட்டு லட்சம்.

அன்றைக்கே அவள் கேட்டாள். "எங்க டிராக்டர் நின்னுட்டே இருந்தா டயர் தேயுதுங்களா?"

"இது அப்படியில்லீங்க அம்மணி. ஓடுனாலும் வயசாகும், ஓடாட்டியும் வயசாகும். கெடு தாண்டுனாக் கழட்டித்தான் ஆகோணும், புத்தகத்துல போட்டிருக்குதுங்க" என்றார் எபினேசர். அந்தப் புத்தகத்தை அவர் ஒருவர்தான் படித்திருந்தார். நம்புவாளா அவள்? காந்திபுரத்தில் அந்த ஆள் கட்டிய மாடி வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் தன் அப்பா காசு என்று அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு எண்ணம்.

இப்போது அந்த வண்டி அப்பா காசு மட்டுமல்ல, அவள் சொத்து. எட்டு மாதத்துக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் பங்கை விட்டுத் தம்பி சுரேந்தருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். நிலம், பட்டறை, வீடு எல்லாம் தம்பிக்கு. "வண்டி எம்புள்ளைக்கு" என்று அப்பா அவளைக் காட்டி எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரம் ஹைதராபாத் புரோக்கர் பார்க்க வருகிறான். இஞ்சின் மட்டுமே ஒரு கோடி போகும் என்று போனில் சொல்லியிருந்தான். மகளின் படிப்பு, சரவணம்பட்டி ஹாஸ்டல் கட்டடத்தின் மீதிக் கடன், எல்லாமே அந்த ஒரு இரும்பை நம்பித்தான் நிற்கிறது.

இந்த லட்சணத்தில் காலையில் சுரேந்தர் வேறு ஒன்றைக் கிளப்பியிருந்தான். "எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய வெளிய இழுத்து றெக்கைய ஒரு தடவ சுத்த உடலாங்க்கா. அப்பாவுக்கு அதைவிட மரியாதை என்ன இருக்குது?" அவளும் சரி என்றிருந்தாள். எபினேசரை இரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தான். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

கழற்றி எடுக்கத்தான் வந்திருக்கிறான். பிணம் கிடக்கிற வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

துண்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கண்ணு போற? தலைமாட்டுல பெத்த மக இருக்கோணுமில்ல" என்றாள் அம்மா பழனாத்தாள்.

"இதா வாரேனுங்ம்மா."

ஷெட்டின் தகரக் கூரையில் இரண்டு மயில்கள் தடதடவென்று நடந்துகொண்டிருந்தன. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஹெலிகாப்டர் பளபளவென்று நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுவித் துடைத்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி அரைமணி நேரம் வெளியே நிறுத்தி வைப்பார் அப்பா. கொரோனாவுக்கு அப்புறம் பறக்கவில்லை. கேட்டால் சர்டிபிகேட் புதுப்பிக்கப் போயிருக்கிறது என்பார். நான்கு வருசமாகவா ஒரு சர்டிபிகேட் போய்க்கொண்டே இருக்கும் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

எபினேசர் குனிந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்க. மொதலாளி மூஞ்சியக்கூடப் பார்க்கல, அதுக்குள்ள பேட்டரியா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடிப்பும் தெரிந்திருக்கிறது ஆளுக்கு என்று நினைத்தாள்.

"அம்மணி, நீங்க அக்கட்டால போயிருங்க. அப்புறமா எல்லாஞ் சொல்றேன்."

"எப்ப? மிச்சத்தையும் வித்துத் தாட்டி உட்டதுக்கப்புறமா? மொதல்ல இஞ்சின் மூடியத் தெறங்க. எது இருக்குது, எது இல்லைன்னு நான் இப்பவே பாக்கோணும்."

"வேண்டாங்க."

"தெறங்கன்னா தெறங்க!"

எபினேசர் பேட்டரியைத் தரையில் வைத்தார். பிறகு நான்கு தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக நீக்கி மூடியைத் தூக்கினார்.

இஞ்சின் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பட்டறை வார்ப்பு மணல் நிரப்பிய சாக்கு மூட்டை ஒன்று, கம்பியால் இறுக்கிக் கட்டி உட்கார்ந்திருந்தது. வருசா வருசம் பில்லைப் பார்த்துச் சண்டை போட்டவள் ஒரு நாளாவது இந்த மூடியைத் தூக்கிப் பார்த்தாளா?

"எழுபது கிலோங்க" என்றார் எபினேசர். "இஞ்சின் எடையும் அதுதான். எறக்கிட்டா மூக்குக் குனிஞ்சு வால் தூக்கிக்கும், பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோகும்னு ஐயாதான் வைக்கச் சொன்னாருங்க."

"யாருகிட்ட வித்தீங்க?"

"நான் விக்கலீங்க. ஐயா வித்தாருங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி. எண்பது லட்சம்."

எண்பது லட்சம். கொரோனாவில் ஹாஸ்டல் காலியாகி, வங்கிக்காரன் அவள் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய வாரம் அப்பா கொண்டுவந்து கொடுத்த செக்கும் எண்பது லட்சம்தான். கிணத்துக்கடவுப் பக்கம் கிடந்த நிலத்தை விற்றேன் என்றார். அவள் நம்பவில்லை. எந்த நிலம், என்ன விலை, மீதியைத் தம்பி அமுக்கிவிட்டானா என்று வில்லங்கச் சான்று போட்டுக்கூடப் பார்த்தாள். அப்படியொரு விற்பனையே பதிவாகவில்லை. பெற்ற அப்பன் கொடுத்த காசுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தவள்! அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்பினாள்.

"வெளிய ஏன் சொல்லல?"

"வண்டி நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா இரும்புக்காரன் கடன் சரக்கு போடமாட்டான், பேங்க்காரன் ஊட்டுக்கே வந்துருவான்னாருங்க. வண்டி இருக்கற வரைக்கும் பாலுசாமி இருக்கான்னு சொல்லுவாருங்க. இப்பத் தம்பி சுத்த உடச் சொல்றாரு. அதான், பேட்டரிய ஒளிச்சு வெச்சுட்டு செத்துப்போச்சுன்னு சொல்லிரலாம்னு வந்தேனுங்க."

"சரி. பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டனே, அன்னிக்கு? வண்டி எம்புள்ளைக்குன்னாரே? உள்ள மண்ணுதான் இருக்குதுன்னு தெரிஞ்சுதானே சொன்னாரு?"

எபினேசர் மூட்டையைப் பார்த்தார்.

"தெரியுங்க. அன்னிக்குச் சாயங்காலம் இங்க வந்து நெம்ப நேரம் நின்னாருங்க. கடனுக்கு ஒருக்கா, பங்குக்கு ஒருக்கான்னு ரெண்டு தடவ குடுத்திருக்கோணும் எபினேசரு, ஒரு தடவைதான் குடுத்தேன்னாரு. பாப்பா கேட்டாச் சொல்லிரு, கேக்காட்டிச் சொல்லாதன்னாருங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருக்கமாட்டேன். அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கையைக் கொண்டுபோய் மூட்டையின் மேல் வைத்தாள். சாக்கின் இடுக்கில் கசிந்த கரிய மணல் விரல்களில் ஒட்டியது.

வெளியே சுரேந்தரின் குரல் கேட்டது. யாரோ நான்கைந்து பேரோடு வந்துகொண்டிருந்தான். பிரவீனா மூடியை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள்களை அவளே போட்டாள்.

"எபினேசரு, வந்துட்டீங்களா? இப்பவே வெளிய இழுத்துப் போடுங்க" என்றபடி சுரேந்தர் உள்ளே வந்தான். பின்னால் இரும்புக்காரரும், வங்கி மேனேஜரும், சத்தியமங்கலத்துச் சொந்தங்களும்.

"பேட்டரி செத்துப்போச்சுங்க தம்பி" என்றார் எபினேசர்.

"அதனால என்ன, லாரில இருந்து வயர் போட்டுக்கலாம். மூடியத் தெறங்க."

பிரவீனா மூடியில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"வேண்டாம் சுரேந்தரு."

"ஏனுங்க்கா? காலைல ஒத்துக்கிட்டீங்கல்ல?"

"இப்ப வேண்டாங்கறேன். என்ற வண்டி. இத்தனை கூட்டத்துல சுத்த உட்டு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா வெலைக்கு ஆகாது. அடுத்த வாரம் ஆள் வர்றாங்க பாக்கறதுக்கு."

சுரேந்தர் அவளையே பார்த்தான். "அப்பனை எடுக்கற அன்னிக்கும் வெலைதானா உங்களுக்கு?"

"ஆமா. வெலைதான்."

பெரியவர் ஒருவர், "அடப் பாவமே, பெத்தவனுக்குக்கூட உட மாட்டேங்குதே புள்ள" என்று வாய்விட்டே சொன்னார். இரும்புக்காரர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா வெச்சிருக்காருய்யா பாலுசாமி, புதுசாட்ட" என்று தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார். மேனேஜரும் போனார். சுரேந்தர் கடைசியாகப் போனான், அக்காவைத் திரும்பிப் பார்க்காமல்.

எபினேசர் கும்பிடுவதுபோல் கையை எடுத்தார். "மொதல்ல போயி அப்பா மூஞ்சியப் பாருங்க போங்க" என்றாள் அவள்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள் சேதி பந்தல் முழுக்கப் பரவியிருந்தது. பெண்கள் அவளுக்கு வழிவிட்டு விலகிய விதத்திலேயே அது தெரிந்தது. பழனாத்தாள்கூட மகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாய்க்கரிசி போட முதலில் பிரவீனாவைக் கூப்பிட்டார்கள். தட்டிலிருந்து அரிசியை அள்ளப் போனவள், கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நகக்கண்ணில் கறுப்பாய் மணல். குடத்துத் தண்ணீரில் கழுவினாள். சேலையில் துடைத்தாள். மறுபடி கழுவினாள்.

"நேரமாகுது அம்மணி, போடு கண்ணு" என்றாள் யாரோ ஒருத்தி.

அள்ளினாள். ஈரக் கையில் அரிசி ஒட்டியது. வெள்ளைக்கு நடுவே இரண்டு மூன்று கறுப்பு. அவள் அவற்றைப் பொறுக்கியெடுக்கவில்லை. அப்படியே குனிந்து, அப்பாவின் வாயருகே கையை விரித்தாள்.