இருபத்தெட்டாவது நொடி

எங்கள் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் ஒன்பதே முக்காலுக்குக் கதவைத் தட்டுவார். தலையில் எண்ணெய் வைத்த கையோடு எத்தனையோ முறை கதவைத் திறந்திருக்கிறேன். "ஏன் தம்பி இவ்ளோ சீக்கிரம்?" என்றால் பதில் வராது. வராவிட்டால் என்ன, காரணம்தான் ஊருக்கே தெரியுமே. அவருக்கு ஊர் வைத்த பெயர் அரைநொடி.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல இருபத்தேழு வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது தொலைக்காட்சியில் 'முப்பதே நொடி' என்று ஒரு போட்டி வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. தொடக்க இசை கேட்டதும் தெருவில் நாய்கூடக் குறுக்கே போகாது. வீட்டுக்கு வீடு பால் பொங்கி அடுப்பை அணைக்கும். நடத்தியவர் மெரூன் கோட்டுப் போட்டிருப்பார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வியைப் படித்துவிட்டு அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நேரம் இருக்கு, யோசிங்க" என்பார். அதைச் சொல்வதில் ஒரு கனிவு இருக்கும் பாருங்கள், நம் வீட்டுக்காரர் என்றைக்காவது இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று நாங்கள் பெருமூச்சு விடுவோம். வீட்டுக்காரர்களுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது.

மொத்தம் ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் முப்பது நொடி. பார்த்தால் பதறிவிடுவார்கள் என்று கடிகாரத்தைப் போட்டியாளரின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருப்பார்கள். கடைசி நொடிகளில் திரை முழுக்கப் போட்டியாளரின் முகம்தான் தெரியும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். ஏழையும் தாண்டினால் மேடையில் பளபளவென்று நிற்கும் ஸ்கூட்டர் பரிசு.

நம் எலக்ட்ரீஷியனுக்கு அப்போது வயது இருபத்து நாலு. கல்யாணம் நிச்சயமாகி ஒரு வாரம். "அந்த வண்டியில உன்னை உக்கார வச்சுதான் கூட்டிட்டு வருவேன்" என்று பெண்ணிடம் சவால் விட்டுவிட்டுப் போனார். ஆறு கேள்விக்கும் மடமடவென்று பதில் சொன்னார். ஏழாவது: 'ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளமாக இருக்கும் கோள் எது?' நெற்றியைத் தேய்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் முகம் மலர்ந்து "வெள்" என்றார். மணி அடித்தது. "ளி" என்று முடித்தார்.

"அடடா! அரை நொடி!" என்று கோட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைக் கண்டால் "வெள்... ட்ரிங்... ளி" என்று கத்தும். அவர் மனைவி தையல்காரி, நாக்கும் ஊசிதான். "வண்டியில கூட்டிட்டுப் போறேன்னாரு. நடந்து நடந்து என் கால் ரெண்டும் தூண் மாதிரி ஆயிருக்கு" என்று ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதே சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். நானும் என் பங்குக்குச் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன்.

இரண்டு மாதம் முன்பு நாலாவது மாடிக்குக் குடிவந்தது யார் என்கிறீர்கள்? அதே கோட்டுக்காரர். எழுபத்தாறு வயது, தனி ஆள். மாடி ஏறிய சாமான்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டில், பீரோ, அப்புறம் அந்த மேஜை, அந்தக் கடிகாரம், அந்த மணி! நிகழ்ச்சி நின்றபோது குப்பையில் போட இருந்தார்களாம், இவர் கேட்டு வாங்கி வந்துவிட்டாராம்.

எங்கள் சங்கத்துச் செக்ரட்டரி சும்மா இருப்பாரா? ஆண்டு விழாவில் 'முப்பதே நொடி'யை மறுபடி நடத்துவது என்று முடிவாயிற்று. போட்டியாளர் வேறு யார்? எலக்ட்ரீஷியன் மறுப்பார் என்று நினைத்தேன். உடனே ஒப்புக்கொண்டார். "இந்தத் தடவை பத்தே நொடியில சொல்லிடறேன் அக்கா. அந்தப் பேரு அன்னியோட போகட்டும்" என்றார். அவர் அந்தப் பெயரைப் பற்றி வாய் திறந்ததே அன்றுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், விழாக் கூடத்தில் மேஜைக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி எண்ணுகிற சாக்கில் நான் போயிருந்தேன். தையல்காரி அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். மேஜைக்கு அடியில் படுத்திருந்தவரின் டார்ச் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது.

"கடிகாரத்து வயர் கடிகாரத்தோட நின்னுடுது" என்றார் உள்ளேயிருந்து. "மணி வயர் வேற எங்கேயோ போகுது."

"எங்க போகுது?"

"கீழ என்னமோ ஒரு தகடு இருக்கு. எதுக்குன்னு புரியல."

தையல்காரி குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் மெஷின்ல இருக்கறதுதாங்க இது. காலால மிதிக்கற சுவிட்ச்."

அவர் கை நீட்டி அழுத்தினார். மணி அடித்தது. சுவரில் கடிகாரத்தின் முள் அசையவே இல்லை. கடிகாரத்துக்கும் மணிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது!

அன்றைக்கு மணியை அடித்தது எந்தக் கால் என்று எனக்கே புரிந்துவிட்டது, அவருக்குப் புரியாதா? வெளியே வந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. தையல்காரியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எத்தனை வருடக் கேலி! எல்லாம் அவள் கண்ணில் வந்து நின்றது.

"நேரா மாடிக்குப் போயிக் கேளுங்க" என்றாள்.

"தனியாவா என்னைத் தோக்கடிச்சாரு? ஊரே பாக்கத்தானே. ஊர் முன்னாடியே தெரியட்டும்."

"எப்படி?"

அவர் மேஜையின் முன்பலகையைத் தட்டினார். "இதைக் கழட்டிட்டு மெல்லிசா ஒரு வெள்ளைத் துணி அடிக்கப்போறேன். உள்ள ஒரு பல்பு. மிதிச்சா மணியும் அடிக்கும், பல்பும் எரியும். மிதிக்கற கால் நிழலாத் தெரியும்."

தையல்காரி இடுப்பிலிருந்த அளவு நாடாவை எடுத்து மேஜையை அளந்தாள்.

பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தார்கள். "அக்கா, உங்க வாயில ஒரு ரகசியம் ரெண்டு நாள் தங்குமா?" என்றாள் அவள். கேட்டாளே ஒரு கேள்வி!

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பால்காரரிடம் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடிப் பக்கம் போகவில்லை. உடம்புக்கு என்ன என்று மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள். கண்ணை மூடினால் அந்தக் கிழவர் அறுபது நாற்காலிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். கண்ணைத் திறந்தால் எலக்ட்ரீஷியன், "வெள்... ட்ரிங்... ளி" என்று கத்தும் பிள்ளைகளுக்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். யார் பக்கம் நிற்பது?

சனிக்கிழமை சாயங்காலம், இரவல் வாங்கிய செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நாலாவது மாடி ஏறினேன். கோட்டுக்காரர் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இந்த ஷூதானா சார்?"

"ஆமாம்மா. அப்பப் போட்டதேதான்."

"மேஜைக்கு அடியில பாத்து வைங்க."

பிரஷ் நின்றது. "அடியில என்னம்மா?"

"எனக்கென்ன சார் தெரியும், நான் எலக்ட்ரீஷியனா?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அவருக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றார்.

"பேப்பர் குடுக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டம். நான் பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. ஆனால் கீழே வந்தபிறகுதான் யோசனை வந்தது. கிழவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டால்? விடிவதற்குள் கூடத்துக்குப் போய் அந்தச் சுவிட்சையே பிடுங்கிவிட்டால்? பாவம், எலக்ட்ரீஷியனின் ஒரே ஒரு சந்தர்ப்பம் என் வாயால் போய்விடுமே!

ஞாயிறு மாலை ஆறு மணி. கூடம் நிரம்பிவிட்டது. முன்வரிசை இரண்டாவது நாற்காலியில் நான். மேஜை முன்னால் வெள்ளைத் துணி, அதில் தையல்காரி அழகாக ஒரு நட்சத்திரம் தைத்திருந்தாள். "பழைய பலகையைக் கரையான் அரிச்சிடுச்சு" என்று செக்ரட்டரியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் கால் மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கோட்டுக்காரரைக் காணோம். ஆறு ஐந்து. ஆறு எட்டு. தையல்காரி சுவரோரம் நின்றபடி என்னை முறைத்தாள். நான் கூரையில் விசிறி எண்ணினேன்.

ஆறு பத்துக்கு மெரூன் கோட்டு உள்ளே வந்தது. இப்போது தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஆனால் மைக்கைப் பிடித்தாரோ இல்லையோ, அந்தக் குரல்! முன்வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் முப்பது வயது குறைந்துவிட்டது. நேராக மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். துணியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

ஆறு கேள்வியும் ஓடின. எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடிக்குள் பதில் சொன்னார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மணிக்கு வேலையே வரவில்லை.

ஏழாவதுக்குச் செக்ரட்டரி எழுதிக் கொடுத்த அட்டையைக் கோட்டுக்காரர் கீழே வைத்தார். கோட்டின் உள்பையிலிருந்து வேறொன்று எடுத்தார். பழுப்பேறிய அட்டை. "ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளமாக இருக்கும் கோள் எது?"

பின்வரிசையில் யாரோ "வெள்..." என்று ஆரம்பித்து, சிரிப்புக் கிளம்பியது. முள் ஓடத் தொடங்கியது.

எலக்ட்ரீஷியன் வாயைத் திறக்கவில்லை. பத்து நொடி. கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்காரரையே பார்த்தார். இருபது. சிரிப்பு அடங்கிவிட்டது. "தெரிஞ்ச பதில்தானேப்பா, சொல்லித் தொலையேன்!" என்றார் செக்ரட்டரி. இருபத்தெட்டு. என் கை புடவைத் தலைப்பைக் கசக்கியது. முப்பது.

மணி அடிக்கவில்லை.

முள் முப்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதைக் கூடமே பார்த்தது. முப்பத்து மூன்று. முப்பத்தாறு. "மணி ரிப்பேர் போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வெள்ளைத் துணி இருட்டாகவே இருந்தது. போச்சு, மனுஷன் காலை மடக்கி வைத்துக்கொண்டுவிட்டார், என் வாய் கெட்ட வாய் என்று நான் என்னையே சபித்துக்கொண்டேன்.

"நேரம் இருக்கு, யோசிங்க" என்றார் கோட்டுக்காரர், பழைய கனிவோடு.

"எவ்ளோ நேரம் சார் இருக்கு?"

கோட்டுக்காரர் அட்டையைக் கீழே வைத்தார். "அதை என் கால்தான் தம்பி முடிவு பண்ணும்" என்றார். மிதித்தார்.

மணி அடித்தது. துணிக்குப் பின்னால் வெளிச்சம் எரிந்தது. நட்சத்திரத்துக்குக் கீழே, பாலிஷ் போட்ட ஒரு காலணியின் நிழல், தகட்டின் மேல். அவர் காலைத் தூக்கினார், இருட்டு. மறுபடி மிதித்தார், மணி, வெளிச்சம், கால். மூன்று தடவை. மூன்றாவது தடவையில் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு மேடையில நின்ன வண்டிக்கு எஞ்சினே கிடையாது" என்றார். மைக்கை வைத்துவிட்டார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "வெறும் கூடு. அசல் வண்டி வந்து சேரல. ஏழாவதை யாரும் தாண்டக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. இவர் 'வெள்'னு ஆரம்பிச்சப்போ முள் இருபத்தெட்டுல இருந்துச்சு. நான்தான் பாத்தேன். நான்தான் மிதிச்சேன். அரை நொடின்னு சொன்னதும் நான்தான்."

எலக்ட்ரீஷியன் எழுந்தார். சட்டைப் பையில் ஒரு தாள் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக என்னவெல்லாம் எழுதி வைத்திருந்தாரோ. அதை எடுக்கவில்லை.

"வெள்ளி" என்றார். முழுசாக, நடுவில் எதுவும் அடிக்காமல்.

"சரியான விடை" என்றார் கோட்டுக்காரர்.

ஒருவரும் கைதட்டவில்லை. தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. "அன்னிக்கும் அதுதான் சரியான விடை!" என்று சுவரோரமிருந்து ஒரு குரல் வெடித்தது. தையல்காரி. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

கோட்டுக்காரர் கையை நீட்டினார். எலக்ட்ரீஷியன் அந்தக் கையைப் பார்த்தார். "இருங்க சார், பல்பு துணிய ஒட்டி இருக்கு, சூடாயிடும். மெயினை ஆஃப் பண்ணிட்டு வரேன்" என்று சுவிட்ச் போர்டுக்குப் போனார். நீட்டிய கை அப்படியே நீட்டியபடி காத்திருந்தது. அவர் திரும்பி வந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரி என் முன்னால் எழுந்து நின்றார், பீரோ மாதிரி. கையைக் கொடுத்தாரா இல்லையா? எனக்குத் தெரியாது. நாலு பேரைக் கேட்டேன், நாலு கதை சொல்கிறார்கள். இந்தக் குடியிருப்பில் எனக்குத் தெரியாத ஒரே விஷயம் இதுதான், செக்ரட்டரியை நான் மன்னிப்பதாக இல்லை.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் 'வெள்' என்று ஆரம்பித்தால் தையல்காரி கத்தரிக்கோலோடு வாசலுக்கு வருகிறாள். ஒரு வாரத்தில் அந்தச் சத்தமே நின்றுவிட்டது. சாயங்காலங்களில் இருவரும் நடக்கப் போகிறார்கள். முன்பு அவர் நாலடி முன்னால் விரைவார். இப்போது ஒன்றாகத்தான் போகிறார்கள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் என் சமையலறை விசிறி கழற்றிய நிலையில் மேஜைமேல் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். ஒன்பதே முக்காலுக்கே தலையை வாரிக்கொண்டு காத்திருந்தேன். பதினொன்றரைக்குப் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன். "என்ன தம்பி, மணி என்ன ஆச்சு பாத்தியா?"

நிதானமாகப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நேரம் இருக்கு அக்கா" என்றார்.