மைனரின் சனிக்கிழமை

பீரோவைக் குடைந்து பார்த்தாயிற்று. பரணில் கிடந்த தகரப் பெட்டியையும் கவிழ்த்தாயிற்று. அப்பாவின் இன்னொரு வெள்ளைச் சட்டை உமாதேவியின் கண்ணில் படவே இல்லை. வெளியே பந்தலில் அவர் உடம்பைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் போட்டிருந்த சட்டை, திராட்சைத் தோட்டத்து வாய்க்காலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோதே சேறாகிவிட்டது.

"கெடைக்கலையா?" என்றாள் அம்மா பஞ்சம்மாள்.

"இல்லம்மா."

"அப்ப அவரு போற எடத்துலதான் கெடக்கும்." அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காமயகவுண்டன்பட்டியில் அப்பா பேரைச் சொல்லி, சுருளிவேல் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். மைனர் வீடு என்றால் நேரே இங்கே கொண்டுவந்து விடுவார்கள். டீக்கடையில் ஆண்கள் மைனர் என்றால் கசங்காத சட்டை, முறுக்கிய மீசை, காதோரம் ஜவ்வாது. குழாயடியில் பெண்கள் அதையே குரலைத் தாழ்த்திச் சொன்னால், எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம். உமாதேவியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "மைனர் மகளா?" என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஊருக்குத்தான் அவர் பீரோ நிறையச் சட்டை வைத்திருப்பவர். வீட்டுக்குத் தெரியும், இருந்தது ரெண்டே ரெண்டு. சனிக்கிழமைதோறும் டவுன் பஸ் ஏறிக் கம்பம் போவார், சாயங்காலம் வருவார். போகும்போது இருந்ததைவிட வரும்போது சட்டை மொடமொடவென்று இருக்கும். கேட்டால் சலவைக்குப் போனேன் என்பார். உடம்பில் கிடக்கிற சட்டையை யார் சலவைக்குப் போடுவார்கள்? எங்கே கழற்றினார் என்ற கேள்வி இருபது வருஷமாக அம்மாவைத் தின்றது. அதை அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை.

வாசலில் ஒப்பாரி சட்டென்று நின்றது. உமாதேவி எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயசுக்காரி ஒருத்தி, ஊருக்குப் புதுசு, மடித்த வெள்ளை வேட்டி சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். இறந்தவருக்குக் கோடித்துணி கொண்டுவருவது உரிமைப்பட்டவர்கள் செய்கிற காரியம். வாங்கிக்கொண்டால் உறவை ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியப்பா ராக்கையா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

குழாயடியில் பேசிய அந்த ஒருத்தி இவள்தான் என்று உமாதேவிக்குத் தோன்றியது. இன்றைக்கு ஒரு நாளாவது அம்மாவை நிம்மதியாக அழவிடக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய் மறித்தாள்.

"யாரு நீங்க? கோடி போட ஒங்களுக்கு என்ன மொறை?"

"கோடியா? ஐயோ, இல்லத்தா!" அவள் பதறினாள். "எம் பேரு சண்முகத்தாய். கம்பத்துல லாண்டரி வச்சிருக்கோம். இது அவுக வேட்டி சட்டதான். போன சனிக்கிழமை மழயில காயல. அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்னு சொன்னாக. காலைல போஸ்டரப் பாத்தோம். மடிப்பு கலஞ்சா அவுகளுக்குப் பிடிக்காதேன்னு ஏந்தியே கொண்டாந்தேன்."

பின்னாலேயே அவள் புருஷன் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். "ஒரு வேட்டி சட்டயப் பையில கொண்டாருவாக, இன்னொண்ண ஒடம்புல இருந்து கழட்டிக் குடுப்பாக. தொவச்சு, கஞ்சி போட்டு, தேச்சு முடியிற வரைக்கும் கடைக்குப் பின்னால துண்டக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாக. ஒங்கூரு ஆளுக யாரும் வந்தா, காயுற சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிருவாக. வெளிய சொல்லிராதப்பான்னு எங்கிட்டச் சத்தியமே வாங்கிட்டாக."

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. உமாதேவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கல்யாண நாளில்கூட அவளுக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

அம்மா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"துண்டக் கட்டிக்கிட்டா?"

"ஆமாக்கா. பொழுதன்னைக்கும்."

அம்மா நாற்காலியில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிறுக்கு மனுசன். எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் உடைந்து, நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது.

ராக்கையா சட்டையை வாங்கி அவருக்கு மாட்டிவிட்டார். பெண்கள் மறுபடி ஒப்பாரியைத் தொடங்கினார்கள். சண்முகத்தாய் திரும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் பந்தலின் ஓரத்துக் காலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

"வெயில்ல எதுக்கு நிக்கிற ஆத்தா? இங்கன வா" என்றாள் பஞ்சம்மாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.