படிவத்தில் இல்லாத காரணம்

ஜெயபுஷ்பம் இறந்து கிடந்த அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டாள். அப்படியும் காலருக்குள் நான்கு விரல் போகும் அளவுக்கு இடம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. அப்போது சரியாகத்தான் இருந்தது. பின்பக்கம் துணியை மடித்து ஊக்கு குத்தினாள்.

"காய்ச்சலாம்மா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா பட்டம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். "கேவுரு மாவு கொஞ்சம் இருந்தது. அத எனக்குக் கரைச்சிக் குடுத்துட்டு, நான் வெளிய சாப்ட்டேன்னாரு. தினமும் அதான் சொன்னாரு. நானும் நம்பிட்டேன். ரெண்டு நாளா அதுவும் இல்ல."

மூன்று வருடமாக மழை இல்லை. வேர்க்கடலை போட்ட நிலத்தில் விதைகூடத் திரும்பவில்லை; கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. 2003 தொடக்கத்தில் அப்பா தானியேலும் பட்டம்மாளும் ஆந்திரா பக்கம் மிளகாய் பறிக்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்து ரேஷன் கார்டு சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்து, ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கார்டு செல்லாமல் போனது. திரும்பி வந்த தானியேல் நாலு மாதம் ஆபீஸ் ஆபீசாக நடந்தார்.

மகளிடம் சொல்லவில்லை. அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையலில் இருந்தாள். போன மாதம் அவள் வீட்டுக்கு வந்தவர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் சமையல் பிடித்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

மதியம் கிராம நிர்வாக அலுவலர் சம்பத் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, படிவத்தை நீட்டினார்.

"மாரடைப்புன்னு போட்டிருக்கேன். ஒரு கையெழுத்து போடும்மா."

"பசின்னு எழுதுங்க சார்."

"அப்பிடி எழுதுனா மேலருந்து கேள்வி வரும்மா. கார்ட அடிச்சது நான் இல்ல. புதுசுக்கு நானே எழுதறேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு மூட்ட அரிசி வந்துரும். அம்மாவப் பாரு."

"எங்கப்பா நடையா நடந்தாரே, அப்ப அந்த மூட்ட எங்க சார் இருந்தது?"

சம்பத் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார். ஜெயபுஷ்பம் பேனாவைத் தொடவில்லை.

"புஷ்பா," என்றாள் பட்டம்மாள். "எனக்குப் பசிக்குது."

சுவரைப் பிடித்து எழுந்து வந்து, சம்பத்திடம் கட்டைவிரலை நீட்டினாள். ஜெயபுஷ்பம் தடுக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

சம்பத் போன பிறகு, பக்கத்து வீட்டு வஜீதா சோறும் பருப்புக் குழம்பும் கொண்டுவந்தாள். சாவு வீட்டில் அடுப்பெரியாது என்று எல்லார் வீட்டுக்கும் அவள் செய்வதுதான்.

"ஒரு சுவர் தள்ளி இருக்கேன். ஒரு வார்த்த சொல்லலியே அக்கா," என்றபடி அடுப்பங்கரையில் தட்டை வைத்தாள்.

பட்டம்மாள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை. தட்டு காலியானதும் மறுபடி நீட்டினாள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"புருஷன் கெடக்கும்போது எப்பிடித்தான் எறங்குதோ," என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

ஜெயபுஷ்பம் எழுந்து போய் அடுப்பங்கரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். முந்தானையை இரு கையாலும் விரித்து நிலையோடு சேர்த்துப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால், தட்டில் விரல்கள் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.