தென்னைக்கு மேலே ரெஜினா

1984 மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில், தாம்பரம் கடப்பேரி லைன் வீடு ஒன்றில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த சரசு, நாற்காலியை விட்டுப் பதினாலு அங்குலம் மேலே எழும்பினாள். அங்குலக் கணக்கில் சந்தேகம் வேண்டாம். கழுத்தில் கிடந்த டேப்பைத் தொங்கவிட்டு அவளே அளந்தாள். அப்போது அவள் கணவன் ஏசுபாதம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். கடைசி ஒலி அடங்கியதும் அவள் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். "இன்னாயா பண்ண?" என்று கேட்டாள். உன்னை நினைத்து வாசித்தேன், வேறொன்றும் செய்யவில்லை என்றான்.

ஏசுபாதம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பர்மா பஜாரில் வாங்கிய கேசட் ஒன்றில் யாரோ ஓர் அமெரிக்கர் ஜாஸ் காதல் பாட்டுகளைக் கிதாரில் வாசித்திருந்தார். மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே ஏசுபாதம் ஒரு வருடம் நினைத்திருந்தான். ஒரே ஆள்தான், கட்டைவிரல் அடித்தந்தியில் நடக்கிறது, மற்ற விரல்கள் நடுவில் சில சுரங்களைச் சேர்த்துக் கார்ட் போடுகின்றன, பாட்டின் மெட்டு மேல் தந்தியில் அறுபடாமல் போகிறது என்று புரிந்த அன்று வேலைக்கு லீவு போட்டான். பிறகு இரண்டு வருடம் விரல் தேயப் பழகினான். வித்தை காட்ட நினைத்து இடைவெளியே இல்லாமல் அடைத்து வாசித்த நாட்களில் சரசு தரையிலேயே இருந்தாள். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் தானும் மூச்சு விட்டு, மேல் சுரத்தைச் சுண்டுவிரலில் அணையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் கார்டை மட்டும் மெல்ல மாற்றினால் எழும்பினாள். தெரு பழகிக்கொண்டது. எதிர்வீட்டுக் கீரைக்காரி கங்கம்மா, ஆறு மணி ஆனால் ஒட்டடைக் குச்சியைக் கொண்டுவந்து சரசுவின் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.

1988 பொங்கல் கழிந்ததிலிருந்து சரசு எழும்பவில்லை. வாசிப்பில் குறையில்லை. சொல்லப்போனால் அவன் அப்படி உருகி வாசித்ததே இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "யாருக்கு வாசிக்கிற?" என்று கேட்டாள். "யாருக்கும் இல்ல, சும்மாதான்." "சும்மா வாசிச்சா இப்டி வராது" என்றாள் அவள். நாலு வருடம் அந்த வாசிப்பில் எழும்பியவளுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு, அவன் முதல் கார்டைப் போட்டதும் சரசு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தாம்பரத்தில் எந்தப் பெண்ணின் கால் தரையில் படவில்லை என்று தெருத்தெருவாகப் பார்த்தாள். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, நர்ஸுகளின் குடியிருப்பு, ஒன்றையும் விடவில்லை. விஷயம் பரவி, சில புருஷன்மார்கள் ஆறு மணிக்குள் வீடு திரும்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாப் பெண்களின் கால்களும் தரையில்தான் இருந்தன. சரசு வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இப்படி ஆறு மாதம்.

ஜூலையில் கங்கம்மா சேதி கொண்டுவந்தாள். "அனகாபுத்தூர்ல ஒரு பொண்ணு சாயங்காலமானா மேல போவுதாம்க்கா. ஏழு வயசாம். கால்ல கயிறு கட்டி வெச்சிகீறாங்களாம்." சரசு கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எந்த வீடு என்று கேட்கவில்லை. 1981-இல் மகள் ரெஜினா பிறந்த இரண்டாம் மாதமே சரசுவுக்கு டி.பி. கண்டது. பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏசுபாதத்தின் அக்கா ஞானம்மாள் குழந்தையை அனகாபுத்தூருக்குக் கொண்டுபோய் வளர்த்தாள். அவளுக்கும் அவள் புருஷன் நெசவாளி சவுரிமுத்துவுக்கும் பிள்ளை இல்லை. சரசு குணமாகி வந்தபோது குழந்தை ஞானம்மாளை அம்மா என்றது, சரசுவைப் பார்த்து வீறிட்டு அழுதது. "அங்கியே இருக்கட்டும்" என்று சொன்னவள் சரசுதான். வந்து போனால் பிள்ளை குழம்பும் என்று இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அதன்பின் அந்தப் பெயரைக் கடப்பேரியில் யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு முன், பல்லாவரம் ஸ்டேஷனில் சவுரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை ஏசுபாதம் மின்சார ரயிலிலிருந்து பார்த்திருந்தான். ரயில் நின்றது அரை நிமிஷம். இதை அவன் பின்னால்தான் சொன்னான்.

மறுநாள் சரசு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அனகாபுத்தூரில் அவள் இறங்கியபோது மணி ஆறேகால். தெருவில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானம்மாள் மொட்டை மாடியில் நின்றாள். அவள் கையில் தறிப் பாவு நூலை முறுக்கிய கயிறு அறுந்து தொங்கியது. ரெஜினா, நீலப் பாவாடையோடு, தென்னை மரத்துக்கு மேலே இருந்தாள். மற்ற நாட்களில் கயிற்று நீளத்துக்கு மேல் போகாதவள், ஞானம்மாள் இழுத்து இறக்கிவிடுவாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாளாம். கீழே குனிந்து பார்த்த பிறகு அழ ஆரம்பித்தாள்.

ஞானம்மாள் சரசுவைப் பார்த்துவிட்டாள். "அவன நிறுத்தச் சொல்லுடி!" என்று மாடியிலிருந்து கத்தினாள். தம்பி வாசித்தால் சரசு எழும்புவாள் என்ற பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"நிறுத்தினா வுழுந்துடும் அண்ணி!"

ஏசுபாதம் ஒரு பாட்டை இழுத்து நிதானமாக மூன்று சுற்று வாசிப்பான். ஆறரைக்குள் முடித்துவிடுவான். சரசு தெருமுனையில் இருந்த நூல் கடைக்குள் ஓடி, கேட்காமலே போனை எடுத்தாள். கடைக் கடிகாரம் ஆறு இருபத்திரண்டு காட்டியது. ரவிக்கைக்காரர்கள் கூப்பிடுவதற்காக அவள் எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்த நம்பர், லைன் வீட்டுக்கு நேரெதிரே வேதாசலத்தின் மருந்துக் கடை நம்பர். வேதாசலம் எடுத்தார். "சார், சரசு பேசறேன். அவர் பாட்ட முடிக்கக் கூடாது. முடிச்சா எங்க பொண்ணு செத்துடும்." வேதாசலம் விளக்கம் கேட்கவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், தெருவில் கீரை கூறு கட்டிக்கொண்டிருந்த கங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். கங்கம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். "யோவ், நிறுத்தாத! உம் பொண்ணு ரெஜினா ஆகாசத்துல கீது! கை எடுத்தியானா வுழுந்துரும்!"

ஏசுபாதம் அப்போது மூன்றாம் சுற்றின் கடைசி வரியில் இருந்தான். கடைசி கார்டைப் போடாமல் பாட்டைத் தலையிலிருந்து மறுபடி எடுத்தான். ஆனால் சுண்டுவிரல் தந்தியில் வழுக்கியது. ஒரு சுரம் செத்துப்போனது. அனகாபுத்தூரில் பிள்ளை பத்தடி சரிந்தாள், தெருவே அலறியது. அடுத்த கணம் அவன் பயம் முழுவதும் அவளிடம் போனதால், அவள் முன்னைவிட மேலே, பனை உயரத்துக்குப் போய்விட்டாள். நூல் கடை வாசலில் நின்று சவுரிமுத்து உயரம் சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னும் மேல போவுது சரசு! இன்னும் போவுது!"

சரசு ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். "என்னிய நெனச்சி வாசிக்கச் சொல்லுங்க சார்" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா. நெனப்பு எம் பக்கம் வந்தா அது எறங்கும்."

தெருவில் கத்துகிற விஷயமா இது என்று வேதாசலம் தயங்கினார். பிறகு கங்கம்மாவையும் மிஞ்சிக் கத்தினார். "ஏசு! உன் வொய்ஃபை நெனச்சு வாசிக்கணுமாம்! ஒரேயடியா வேணாம், மெதுவா!"

ஒன்றும் நடக்கவில்லை. சரசுவின் கால்கள் நூல் கடையின் சிமெண்டுத் தரையில் இருந்தன. ஆறு மாதமாகத் தெருத்தெருவாகத் தேடிய கேள்விக்கு இப்போது பதில் வர வேண்டும், வராவிட்டால் பிள்ளை போய்விடும். அவள் தன் கால்களைப் பார்க்கவே பயந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கடப்பேரியில் ஏசுபாதம் மேல் தந்தியில் பிள்ளையை அப்படியே பிடித்துக்கொண்டு, அடித்தந்தியில் சரசுவைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு கார்டிலும் ஒரே ஒரு விரலை மட்டும் நகர்த்தினான். ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வாயைத் துணியால் மூடிக்கொண்டு அவள் கையசைத்ததை நினைத்தான். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்த ராத்திரி அவள் ஒரு சொட்டுக்கூட அழாததை நினைத்தான். அது பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனதையும் நினைத்தான்.

சரசுவின் குதிகால் எழும்பியது. பிறகு விரல்நுனி.

"எறங்குது!" என்றான் சவுரிமுத்து. "தென்னைக்கு வந்துடுச்சி!"

சரசு, நூல் கட்டுகள் அடுக்கிய அலமாரியின் இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்று தாண்டினாள். ரிசீவரின் சுருள் ஒயர் நீண்டு நேராகி விறைத்தது. கடைக்காரர் போன் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "மாடி மட்டம்!" என்று சவுரிமுத்து கத்தியபோது அவள் தலை கூரையில் இடித்தது. ஞானம்மாள் பிள்ளையின் பாவாடையைப் பிடித்தாள், காலைப் பிடித்தாள், அப்புறம் முழுசாகக் கட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப முடிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் சரசு கூரையிலிருந்து. முடித்தான். அவள் நூல் கட்டுகளின் மேல் விழுந்தாள். இடது மணிக்கட்டு பிசகியது. மூன்று வாரம் தையல் இல்லை.

அன்றிரவு ஞானம்மாள் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "கூட்டிகினு பூடுவியா?" என்று கேட்டாள். கேட்கும்போது உதடு கோணியது. சரசு ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா சரசுவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல அண்ணி. அவ உங்க பொண்ணு. ஞாயித்துக்கெழம மட்டும் இட்டுகினு வாங்க. எங்க வூட்ல மேல கூரை கீது, அதுக்கு மேல போவ மாட்டா."

ஞாயிறுதோறும் வந்தார்கள். ஏசுபாதம் அதன்பின் எந்தப் பாட்டையும் சட்டென்று முடிக்கவில்லை. கடைசி வரியை இரண்டு மூன்று தரம் திருப்பி, ஒவ்வொரு தரமும் சுரங்களைக் குறைத்துக்கொண்டே வந்து, யாரும் அடிபடாமல் முடிக்கக் கற்றுக்கொண்டான். ரெஜினா முதலில் சரசுவை அத்தை என்றாள், ஒரு வருடம் கழித்து முறை எதுவும் சொல்லாமல் கூப்பிட்டாள், பிறகு தாம்பரத்து அம்மா என்றாள். ஏசுபாதம் வாசிக்கும்போது இருவரும் எழும்புவார்கள். ஞானம்மாள் கீழே பாயில் உட்கார்ந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடம் அந்தக் காலை அவள் விடவில்லை.

1991 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பாட்டின் நடுவில், ஞானம்மாளும் பாயை விட்டு எழும்பினாள். "ஐயோ, ஏசுவே!" என்று ஒரு தரம் கத்தியவள், பிறகு ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் மேலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஏசுபாதம் தலை நிமிரவில்லை. சவுரிமுத்துதான் வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான், கொஞ்சம் நிதானமா போ. ஃபேன் ஓடுது" என்று சொல்லி, எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தான்.